பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்: பழைய வால்பேப்பரும் ஓதச் சுவரும்

வால்பேப்பர் ஒட்டினது நான்தான். அதனால இந்தக் கட்டுரையில வேற யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் வருஷ லீவுல, அக்கா நிச்சயதார்த்தத்துக்கு வீட்டுக்கு ஆட்கள் வர இருந்தாங்க. எங்க வீடு பாளையங்கோட்டைல. ஆச்சி ரூம்ல பாத்ரூமை ஒட்டின சுவர், தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு டிஸ்டம்பர் பொரிஞ்சு, உப்பு பூத்து நின்னுது. பெயிண்டரைக் கூப்பிட நேரம் இல்லை. ஆன்லைன்ல செங்கல் டிசைன் போட்ட ஸ்டிக்கர் ரோல் ஒண்ணு வாங்கி, பொரிஞ்சதைக் கையால தட்டிவிட்டு, மேல ஒட்டிட்டேன். நிஜச் செங்கல் சுவரை மறைக்க செங்கல் படம்! போட்டோவில் நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா ஆச்சி சொல்லிக்கிட்டே இருந்தாங்க, "எய்யா, இந்த ரூம்ல ஈர நாத்தம் வருதே" என்று. ஜன்னலைத் திறந்து வைங்க ஆச்சின்னு சொல்லிட்டு நாங்க எங்க வேலையைப் பார்த்தோம். சுவர் பளிச்சுன்னு இருக்கும்போது வாசனையை யார் நம்புவா?

இந்த வருஷம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வர்றதா முடிவாச்சு. குழந்தையோட அவ தங்கப் போறதும் ஆச்சி ரூம்தான். "நாலு நாள்ல ஸ்டிக்கரை உரிச்சு பெயிண்ட் அடிச்சிருவோம்" என்றார் அப்பா. வேலை மே மாசம் ஆரம்பிச்சுது. பெயிண்ட் டப்பாவைத் திறந்தது ஜூலை கடைசியில. நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, உங்க சுவர்ல இருக்கறது எந்த வகைன்னு பாருங்க. ஒரு மூலையை நகத்தால் தூக்கி இழுத்தாலே தெரிஞ்சிடும். பிளாஸ்டிக் மாதிரி நீளமா இழுபட்டு, பின்பக்கம் பிசுபிசுன்னு இருந்தா அது பிவிசி ஸ்டிக்கர். பேப்பர் மாதிரி கிழிஞ்சு, பின்பக்கம் காய்ஞ்ச கஞ்சி மாதிரி சொரசொரன்னு இருந்தா அது பசை தடவி ஒட்டின நிஜ வால்பேப்பர்.

பசைக்கு எதிரி தண்ணி. அந்தப் பசைகள் பெரும்பாலும் ஸ்டார்ச் அல்லது செல்லுலோஸ் வகை. தண்ணியை உறிஞ்சினா ஊதி, வலுவிழந்து விட்டுடும். வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் நாலு சொட்டு விட்டு, ஸ்ப்ரே பாட்டில்ல அடிச்சு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும். சும்மா இருக்கறதுதான் கஷ்டம். அவசரப்பட்டு சுரண்டினா பட்டியும் சேர்ந்து வரும். மேல வினைல் பூச்சு இருந்தா தண்ணி உள்ள போகாது, அதனால முதல்ல அந்த மேல்தோலை உரிச்சுட்டு, மிச்சம் நிக்கற பேப்பரை நனைங்க. ஸ்விட்ச் போர்டு பக்கத்துல தண்ணி அடிக்கறதுக்கு முன்னாடி அந்த ரூம் லைனை ஆஃப் பண்ணிடுங்க.

ஸ்டிக்கருக்கு எதிரி சூடு. ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்துல பிடிச்சு, கை வைக்கிற அளவு சூடானதும் மெதுவா உரிக்கணும். இங்க நம்ம பாடப்புத்தகம் நிஜமாவே உதவுச்சு. உரிக்கத் தேவையான விசை, ஒன்று கழித்தல் காஸ் தீட்டாவால வகுபடும் (ஸ்டிக்கர் இழுபடாதுன்னு வெச்சுக்கிட்டா). தீட்டாங்கறது உரிச்ச பகுதிக்கும், ஸ்டிக்கர் உரிஞ்சு வெறுமையான சுவர்ப் பகுதிக்கும் நடுவுல உள்ள கோணம். நேரா உங்களைப் பார்த்து இழுத்தா 90 டிகிரி, வகுக்கற எண் 1. ஸ்டிக்கரை அப்படியே பின்னால மடிச்சு, சுவரோடு ஒட்டினாப்ல இழுத்தா 180 டிகிரி, வகுக்கற எண் 2. பாதி பலம் போதும். அதைவிட முக்கியம், 90 டிகிரில முழு விசையும் பட்டியைச் சுவரிலிருந்து பிடுங்குற திசையில இருக்கு. முதல் ரெண்டு அடி நான் நேரா இழுத்து, ரெண்டு இடத்துல உள்ளங்கை அளவு பட்டியைப் பெயர்த்தேன். மடிச்சு இழுக்க ஆரம்பிச்சப்புறம் அது நின்னுது. வேகமும் முக்கியம். இந்தப் பசை மெதுவா இழுத்தா வழியும், வெடுக்குனு இழுத்தா இறுகிப் பிடிக்கும்.

வாடகை ரூம்ல ஸ்டிக்கர் ஒட்டலாம்னு நினைக்கிற நண்பர்கள் கவனிக்க: டிஸ்டம்பர் அடிச்ச சுவர்ல "சுவருக்குச் சேதம் வராது"ங்கற வாக்குறுதியை நம்பாதீங்க. ஸ்டிக்கர், டிஸ்டம்பர், பட்டி, காரைன்னு அடுக்கு இருக்கும்போது எந்த ஒட்டு பலவீனமோ அது முதல்ல விடும். அது பெரும்பாலும் டிஸ்டம்பர்தான். உரிக்கும்போது சுவரும் கூட வரும், அட்வான்ஸ்ல கழிப்பாங்க.

மிச்சம் ஒட்டியிருக்கிற பசைக்கு சிலர் மண்ணெண்ணெய் தடவச் சொல்வாங்க. வேண்டாம். எண்ணெய்ப் படலம் நின்னுட்டா அதுமேல பிரைமர் பிடிக்காது. திரும்ப சூடு காட்டி, பட்டித் தகடால சுரண்டி, சோப்புத் தண்ணியால துடைச்சாலே போதும்.

ஸ்டிக்கருக்குப் பின்னால

இப்ப எங்க சுவருக்கு வர்றேன். கீழ் ரோலை உரிச்சதும் அடிச்ச வாடையில அப்பா ரெண்டடி பின்னால போனார். ஒரு அடி உயரத்துல நின்ன ஓதம் மூணு அடிக்கு ஏறியிருந்துச்சு. நடுவுல கரும்புள்ளியா பூஞ்சை, அடியில பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. ஆச்சியோட கட்டில் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டித்தான் ரெண்டு வருஷமா கிடந்துது. ஆச்சி வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏன் ஏறிச்சு? செங்கல்லயும் காரையிலும் நுண்ணிய துளைகள் இருக்கு. திரியில எண்ணெய் ஏறுற மாதிரி அதுல தண்ணி ஏறும். ஏறுற தண்ணி ஒரு பக்கம் ஆவியாகிக்கிட்டே இருக்கும். ஏற்றமும் ஆவியாதலும் சமமாகிற உயரத்துல ஓதம் நிக்கும். நான் என்ன செஞ்சேன்னா, ஆவியாகிற வழியை பிவிசி போட்டு அடைச்சுட்டேன். தண்ணிக்கு மேல போறதைத் தவிர வேற வழி இல்லை. அது கூட்டிட்டு வர்ற உப்பு, தண்ணி காயற இடத்துல படிகமாகும். துளைக்குள்ள படிகம் வளர்ற அழுத்தத்துலதான் பட்டி பொருக்குப் பொருக்கா வெடிக்குது. பெயிண்ட் மட்டமானதுன்னு நாம கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

அதனால, உரிச்சதும் அடுத்த வேலை பட்டி இல்லை. தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறது. அதுக்குச் செலவில்லாத சோதனை ஒண்ணு உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பாலிதீன் ஷீட்டை, நாலு ஓரமும் காத்துப் போகாம டேப் போட்டு சுவர்ல ஒட்டுங்க. ஒரு நாள் விடுங்க. ஷீட்டோட உள்பக்கம், அதாவது சுவர் பக்கம், வியர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தா அது ரூம் காத்துல இருக்கிற ஈரம், ஏசி ரூம்ல பார்க்கலாம். எங்க ஷீட்டோட உள்பக்கம் மறுநாள் காலையில முத்து முத்தாத் துளி.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். பைப் கசிவா, தரைக் கசிவா? பத்து நாள் அந்த பாத்ரூம்ல யாரும் குளிக்கலை, குழாயைத் திறக்கலை. உள்ளே போற சப்ளை பைப் கசிஞ்சிருந்தா, நாம குளிச்சாலும் குளிக்காட்டியும் பிரஷர்ல தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கும். பத்தாம் நாள் ஒட்டின புது ஷீட்ல துளி இல்லை, லேசான மங்கல் மட்டும்தான். அப்ப ஈரம் குளிக்கிற தண்ணியிலிருந்து வருது. வழி ரெண்டே ரெண்டு: தரையும் சுவரும் சேர்ற இடுக்கு, இல்லைன்னா கழிவுநீர்க் குழாய். கொத்தனார் அண்ணாச்சி வந்து ஓர டைல்ஸைத் தட்டினார். டொக்குன்னு வெத்துச் சத்தம். இடுக்குல இருந்த வெள்ளை சிமெண்ட் முழுக்கக் கரைஞ்சு போயிருந்துச்சு. ஒரு வரிசை டைல்ஸை எடுத்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு போட்டு, திரும்பப் பதிச்சு, இடுக்குல எபாக்ஸி கிரௌட் அடைச்சார். ரெண்டு வருஷம் முன்னாடியே இதைச் செஞ்சிருக்கலாம். ஸ்டிக்கர் வாங்கின காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

சுரண்டுதல்

இதுல நான் முதல்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்ட ஒரு விஷயம்: பூஞ்சையும் உப்பும் ஒரே மாதிரி சுத்தம் பண்றது இல்லை.

பூஞ்சையை உலர்ந்தபடி தேய்ச்சா அதோட வித்துகள் ரூம் முழுக்கப் பறக்கும். லேசா நனைச்சு, பட்டியோடயே சுரண்டி எடுத்து, சாக்குல கட்டி வெளிய போடணும். மேலாப்ல பிளீச் துடைச்சா நிறம் போகும், வேர் பட்டிக்குள்ள இருக்கும். சுரண்டின பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் அடிக்கலாம். ஆனா கண்டிப்பா ஒண்ணு: பாத்ரூம் கழுவுற ஆசிடோட அது சேரவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூடின ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. என்95 மாஸ்க் போடுங்க, ஆச்சி மாதிரி பெரியவங்களையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கமே விடாதீங்க.

உப்பு இதுக்கு நேர் எதிர். தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளேயே போயிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி, கீழ விழுந்ததைக் கூட்டி அள்ளணும். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பூக்கும், மறுபடி தட்டணும்.

ஓதம் ஏறின காரையை, கறை தெரிஞ்ச உயரத்துக்கு மேல ஒரு அடி வரைக்கும் கொத்தி எடுத்தோம். செங்கல் வெளிய தெரிய, கதவு ஜன்னல் திறந்து, டேபிள் ஃபேன் வெச்சு மூணு வாரம் காய விட்டோம். பிறகு ஒண்ணுக்கு நாலு சிமெண்ட் கலவை பூசி, ஏழு நாள் தண்ணி தெளிச்சோம். "காய வைக்கணும்னு சொல்லிட்டு நீயே தண்ணி ஊத்துதியே" என்று ஆச்சி சிரிச்சாங்க. சிமெண்ட் காய்ஞ்சு இறுகறது இல்லை ஆச்சி, தண்ணியோட வினைபுரிஞ்சுதான் இறுகும்னு விளக்கினேன். ஹைட்ரேஷன் பத்தி வைவாவுலகூட இவ்வளவு நல்லா சொன்னதில்லை.

புதுக் காரை மேல உடனே பெயிண்ட் அடிக்கக் கூடாதுங்கறதுக்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை. அதோட காரத்தன்மை பி.ஹெச். 12, 13 வரை இருக்கும். எண்ணெய் சார்ந்த பெயிண்டை அது சோப்பா மாத்திடும், நிஜமான அர்த்தத்துல. 28 நாள் விடச் சொன்னார் பெயிண்டர் அண்ணாச்சி, விட்டோம்.

பழைய வீடா இருந்தா இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி கதவு, ஜன்னல், கிரில்ல அடிச்ச எனாமல்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காய்ஞ்சபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. நனைச்சுத் தேய்ங்க, தூசியைக் கூட்டாம ஈரத்துணியால துடைங்க. சின்னக் குழந்தை இருக்கப்போற வீட்ல இது விளையாட்டு இல்லை. எங்க ரூம் ஜன்னலைத் தேய்க்கவே இல்லை, அப்படியே விட்டுட்டோம்.

பட்டி

ஓதம் ஏறாத மேல்சுவர்ல பழைய டிஸ்டம்பர் இருந்துச்சு. உள்ளங்கையால தேய்ச்சுப் பாருங்க. கையில வெள்ளை மாவு ஒட்டினா அதுமேல எதைப் போட்டாலும் நிக்காது. நனைச்சுச் சுரண்டியே ஆகணும். இதுக்கு ரெண்டு நாள் போச்சு, தோள்பட்டையும் போச்சு.

பட்டின்னு கடையில கேட்டா ரெண்டு மூணு பொருள் கொடுப்பாங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரம் தாங்காது, பாத்ரூம் சுவருக்கு ஆகாது. எங்களுக்கு வெள்ளை சிமெண்ட் பட்டி. சுவரை முதல்ல லேசா நனைக்கணும், இல்லைன்னா காய்ஞ்ச சுவர் பட்டியிலிருக்கிற தண்ணியை உறிஞ்சி, இறுகறதுக்குள்ள மாவாக்கிடும். கொஞ்சம் கொஞ்சமாக் கலங்க, இறுகின கலவைக்குத் திரும்பத் தண்ணி விடாதீங்க. ரெண்டு கோட், மொத்தம் ஒன்றரை மி.மீ. தாண்டக் கூடாது. பெரிய பள்ளத்தைப் பட்டியால நிரப்பினா வெடிக்கும், அதைச் சிமெண்ட் கலவையாலதான் அடைக்கணும்.

பெயிண்டர் அண்ணாச்சி காட்டின வித்தை ஒண்ணு: ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டுல அடிச்சார். பகல்ல மட்டமாத் தெரிஞ்ச சுவர் முழுக்க மேடும் பள்ளமுமா நிழல். பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டு, காலையில அந்த இடங்களை மட்டும் உப்புத்தாளால தேய்ச்சோம். 180-ம் நம்பர்ல ஆரம்பிச்சு 320-ல முடிச்சோம். நேரா உயர் நம்பருக்குப் போனா தூசிதான் மிஞ்சும், மேடு குறையாது.

பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் ரெண்டு கோட். ஒன்றரை நாள்ல முடிஞ்சுது. அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை.

ஆச்சி கட்டிலை மறுபடி அதே சுவர்கிட்ட போடச் சொன்னாங்க, நாங்க அரை அடி தள்ளிப் போட்டிருக்கோம். அக்கா ஆகஸ்ட் கடைசியில வந்துட்டா. அந்த பாலிதீன் ஷீட்டை மடிச்சு பீரோ மேல வெச்சிருக்கேன். ஐப்பசி மழை ஓஞ்சதும் இன்னொரு தடவை ஒட்டிப் பார்க்கணும்.