துரும்பு கவிழ்ந்திருக்கும் ஆட்டம்

விறாந்தையில் பாய் விரித்துக் கடதாசி விளையாடும் வீடுகள் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் உண்டு, படுவான்கரையிலும் உண்டு. அங்கே பிடித்த ஆட்டம் 304. எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி; கடதாசி 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. கணக்கில் சண்டை வராது. துரும்பில்தான் வரும்.

நாலு நாலு கடதாசி போட்டதும் எத்தனை புள்ளி எடுப்போம் என்ற கேள்வி தொடங்கும். கூடக் கேட்டவர் தன் கையிலிருந்து ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அது என்ன இனமென்று கூட்டாளிக்கும் தெரியாது. பிறகு மிச்ச நாலும் வரும். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் வேறொன்றைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு வைத்தவர் மட்டும் அதைப் பார்ப்பார். துரும்பென்றால் திறப்பார், இல்லையென்றால் கவிழ்ந்தபடியே பிடியோடு போய்விடும். கலாவரை இனம் இறக்கியிருக்க, அதைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் இஸ்கோப்பனைக் கவிழ்த்தால் அந்த நேரம் யாருக்கும் தெரியாது. இரண்டு பிடி தள்ளி அதே கையிலிருந்து கலாவரை விழும். "மச்சான், அப்ப இது எங்க கிடந்த?" ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு மருந்து ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எடுத்த பிடிகளைக் கலக்காமல், ஒன்று நேராக, அடுத்தது குறுக்காக, எடுத்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். பிணக்கு வந்தால் அந்தப் பிடியைத் திருப்பிப் பார்க்கலாம். யாருடைய குரலும் உயரத் தேவையில்லை.

தவறு தெரிந்த பின் என்ன செய்வது? பிரிட்ஜ் ஆட்டச் சட்டங்களின் அடிப்படை, தவறியவரைத் தண்டிப்பதல்ல, தவறால் நட்டப்பட்டவருக்கு ஈடு செய்வது. 2001இல் தொடங்கிய போக்கர் போட்டி நடத்துனர் சங்கத்தின் விதிகளும் நியாயத்தையே முதலில் வைக்கின்றன. விதியின் எழுத்து சிலவேளை அதற்கு வழிவிட வேண்டும் என்கின்றன. வீட்டு ஆட்டத்துக்கும் இதுவே பொருந்தும் என்பேன். தவறால் கிடைத்த பிடியை மறு கட்சிக்குக் கொடுங்கள். அதற்குமேல் அபராதம் வேண்டாம். வேண்டுமென்றே செய்ததென்றால் அந்த ஆட்டமே தோல்வி.

தீர்ப்புச் சொல்வது வீட்டுக்காரரின் உரிமையல்ல, அவரும் ஒரு கட்சிதானே. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவரிடம், யார் செய்தது என்று சொல்லாமல், நடந்ததை மட்டும் சொல்லிக் கேளுங்கள்.

ஊருக்கு ஊர் வழக்கு மாறும். எத்தனையிலிருந்து கேட்கலாம், கை மோசமென்றால் திரும்பக் கலைக்கலாமா, பிடியைத் திருப்பிப் பார்க்கலாமா என்பவற்றைக் கடதாசி போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.