விரல் பட்டால் பேசும் திரை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருடம் தறியில் உட்கார்ந்த ஒருவருக்குக் குளுக்கோமாவால் பார்வை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் முதல் வேலையாக அவருடைய டச் போனை வாங்கி வைத்துவிட்டு, பட்டன் போன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் அது தப்பு. பார்வையற்றவர் தாமே இயக்குவதற்கான ஏற்பாடு பெரும்பாலான டச் போன்களில் உள்ளேயே இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். தொடுதிரை போன்களுக்கு இவை வந்தது 2009-இல். கூகுளில் அந்த நாளில் இதற்காக உழைத்தவர்களில் டி.வி. ராமன் ஒருவர். புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் குளுக்கோமாவால் பார்வை இழந்தவர். வழவழப்பான கண்ணாடித் திரையில் எண்களைத் தடவிக் கண்டுபிடிக்க முடியாதே என்பதற்கு அந்தக் குழு கண்ட வழி அழகானது: விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுதான் 5. அங்கிருந்து மேலே நகர்ந்தால் 2, கீழே நகர்ந்தால் 8. எண்ணைத் தேடி விரல் போக வேண்டாம், விரல் இருக்கும் இடத்துக்கு எண் வரும்.

டாக்பேக்கைத் தொடங்க, செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குப் போக வேண்டும். தமிழில் அமைத்த சில போன்களில் அது அணுகல்தன்மை என்றிருக்கும். பல போன்களில் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தாலும் தொடங்கும். அதே மாதிரி பிடித்தால் நிற்கும். தொடங்கியதும் போன் கெட்டுப்போனது போலத் தோன்றும். வழக்கம்போல ஒரு தட்டு தட்டினால் எதுவும் திறக்காது. பயப்பட வேண்டாம், தொடுகிற முறைதான் மாறியிருக்கிறது.

ஒரு விரலால் தொட்டால், அதன் அடியில் இருப்பதன் பெயரைச் சொல்லும். அவ்வளவுதான், திறக்காது. எனவே எதைத் தொட்டுவிடுவோமோ என்ற அச்சமில்லாமல் திரை முழுக்கத் தடவிப் பார்க்கலாம். வேண்டியது காதில் விழுந்ததும் இருமுறை தட்டினால் திறக்கும். அந்த இரண்டு தட்டும் பொத்தானின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை, திரையில் எங்கே தட்டினாலும் சரி. இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஒரு விரலை வலப்பக்கம் சுண்டினால் அடுத்தது, இடப்பக்கம் சுண்டினால் முந்தையது. பக்கத்தை உருட்ட இரண்டு விரல். தறியில் புதிதாக உட்காருகிறவருக்கு மிதியும் நாடாவும் இசைந்து வர நாளாவது போல இதற்கும் நாளாகும். பக்கத்தில் இருப்பவர் போனைப் பிடுங்கித் தாமே செய்து கொடுக்காமல் இருப்பது பெரிய உதவி.

தமிழ்க் குரலைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால் தமிழ் வரிகளைத் தாண்டிப் போய்விடக்கூடும். அதைக் கேட்டுவிட்டு, போனுக்குத் தமிழ் தெரியாது என்று கைவிடுகிறவர்கள் உண்டு. வேகத்தை முதலில் குறைத்து வையுங்கள், பிறகு காது பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். வங்கிச் செய்தியும் ஓடிபியும் ஊருக்கே கேட்காமலிருக்க ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும். இன்னொரு காது தெருவுக்கு.

பணத் தாளுக்கும் போன் உதவும். இப்போதைய 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. ஒன்றுக்கொன்று 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பட்டு இழையின் பருமனை விரலால் அறிந்தவருக்கும் கசங்கிய நோட்டில் அது பிடிபடாது. இதற்காகவே ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. கேமரா முன் தாளைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம் வேண்டாம். கள்ள நோட்டா என்பதை மட்டும் அது சொல்லாது.

போனிலேயே வங்கிக் கணக்குத் தொடங்க வீடியோவில் அடையாளம் காட்டும்போது, எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று அறியக் கண்ணைச் சிமிட்டச் சொல்வதுதான் எனக்கு அதிகம் மனம் கொதிக்கும் இடம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறி, சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வங்கியில் தயங்காமல் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி, பார்வை உள்ளவர்களுக்கு. திரைவாசிப்பான் படிப்பது எழுத்தை. கோயில் உற்சவ அழைப்பிதழைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெரும்பாலும் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். படத்தை விவரிக்கும் செயலிகள் வந்திருக்கின்றன, ஆனால் தேதியையும் நேரத்தையும் அவற்றை நம்பி விட முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அம்மா என்ற சொல் கேட்பவர் காதுக்கு இப்படிச் சிதைந்துதான் போகும். எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது; ஊர்ச் சங்கத்து நோட்டீஸும் அதற்கு மாறலாம்.

சேலைப் படம் அனுப்பும் கடைக்காரர்களும் படத்தின் கீழே ஒரு வரி தட்டச்சு செய்யலாம்: ‘அரக்கு நிற உடல், மாம்பழ மஞ்சள் பார்டர், கோர்வை, முந்தியில் அன்னம்.’ விலையையும் சேர்த்துவிடுங்கள். பார்வை போன அந்த நெசவாளருக்கு, உடலையும் பார்டரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வை என்ற சொல் வந்ததுமே அந்தச் சேலை முழுசாகத் தெரிந்துவிடும்.