தரிசுக் காட்டில் தூங்கும் விருந்தாளி!

மார்கழியில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் போனால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமுமாகக் கரிசல் காடு பச்சையாகக் கிடக்கும். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பயிருக்கு மேலே கொஞ்ச நேரம் பாருங்கள். ஆளுயரத்தில் ஒரு பருந்து மிதந்து வரும். இறக்கைகளை லேசாக மேலே தூக்கி, ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரித்திருக்கும். சட்டென்று திரும்பி, பயிருக்குள் விழும்.

அதுதான் பூனைப்பருந்து. ஊருக்குள் வட்டமடித்து, கோழிக்குஞ்சைக் குறிவைக்கும் பருந்து வேறு, இது வேறு.

கஜகஸ்தான், ரஷ்யப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் இறுகுவதற்குள் கிளம்பி வருகிறது. புரட்டாசி, ஐப்பசியில் வந்தால் பங்குனிவாக்கில்தான் திரும்பும். ஆண் பறவை சாம்பல் நிறம், இறக்கை நுனி கறுப்பு. பெண் பறவை பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை. ஆந்தையைப் போன்ற வட்ட முகம் ஒலியைக் காதுக்குத் திரட்டித் தருவதால், புல்லுக்குள் எலி அசைந்தாலும் கேட்டுவிடும். வெட்டுக்கிளி என்றால் கொள்ளைப் பிரியம். சம்பளம் கேட்காத பயிர்க் காவலாளி!

இரவில் இது மரத்தில் அடைவதில்லை. தரையில், முழங்கால் உயரப் புல்லுக்குள், கூட்டமாகத் தூங்கும். குஜராத்தின் வெளாவதர் தேசியப் பூங்காவில் இப்படி நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே புல்வெளியில் அடைவதைப் பார்க்கலாம்.

சிக்கலும் இங்கேதான். பகலில் இரைதேட வயல் வேண்டும்; இரவில் படுக்கப் புல்வெளி வேண்டும். அந்தப் புல்வெளிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'தரிசு'. சும்மா கிடக்கிறதே என்று மரம் நடுகிறோம், சோலார் தகடு பதிக்கிறோம், மனை போடுகிறோம். வயலிலோ பூச்சிமருந்து வெட்டுக்கிளியைக் குறைத்துவிடுகிறது. சாப்பாடும் போய், படுக்கையும் போனால் விருந்தாளி எங்கே தங்குவார்? இவற்றில் வெண் பூனைப்பருந்து ஏற்கெனவே உலக அளவில் அழிவு அபாயத்தை நெருங்கும் பறவைகள் பட்டியலில் இருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: மாலை நாலரை மணிக்கே போய்விடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பைனாகுலர் இருந்தால் நல்லது. அடையும் புல்லுக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள். இருட்டில் கலைந்தால், திரும்பப் படுக்க இடம் தேடி அலையும்.

அடுத்த முறை 'அது வெறும் தரிசுங்க' என்று யாராவது சொன்னால், அந்தி சாயும்வரை அவரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.