சேரி வேறு, தனிக்கிராமம் வேறு

சேரி ஏற்கெனவே ஊருக்கு வெளியே தனியாகத்தானே இருக்கிறது? பிறகு எதற்குத் தனிக்கிராமம் கேட்டார் அம்பேத்கர்?

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு, பட்டியல் சாதியினருக்குத் தனிக்கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தலைமை வகித்தவர் சென்னையைச் சேர்ந்த என்.சிவராஜ். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கை அதற்கு வழியும் சொன்னது: குடியேற்ற ஆணையம் அமைக்க வேண்டும், பயிரிடப்படாத அரசு நிலத்தை அதனிடம் ஒப்படைக்க வேண்டும், மத்திய அரசு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தர வேண்டும்.

பெரும்பாலான ஊர்களில் நம் மக்கள் எண்ணிக்கையில் குறைவு. நிலம் அடுத்தவருடையது, கூலியும் அவர் கையில். உரிமை கேட்ட மறுநாள் வேலை நிற்கும், கடையில் அரிசி கிடைக்காது, பாதை அடைபடும். பத்து ஊர்களில் சிதறிக் கிடப்பவர்கள் சொந்த நிலத்தோடு ஓர் ஊரில் கூடினால் அஞ்சாமல் வாக்களிக்கலாம். ஊர் நிர்வாகமும் அவர்கள் கையில் இருக்கும்.

அரசியல் சட்டத்தில் இந்தத் திட்டம் இடம்பெறவில்லை. சேரி என்பது பிறர் நம்மை ஒதுக்கிய இடம்; அங்கே உழ நிலமில்லை. அம்பேத்கர் கேட்டதோ நிலத்தோடு கூடிய ஊர். பஞ்சமி நில மீட்பைப் பேசும் மாணவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை படிக்க வேண்டும்.