இரண்டு சாவிகள்

பாதுகாப்புப் பெட்டக அறைக்கு வந்து செல்லும் வாடிக்கையாளர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். உங்களிடமுள்ள சாவியை மட்டும் கொண்டு பெட்டகத்தைத் திறக்க இயலாது. வங்கியிடமுள்ள சாவியை மட்டும் கொண்டும் திறக்க இயலாது. முதலில் அலுவலர் தம் சாவியைத் திருப்பிவிட்டு விலகிச் செல்வார். பின்னர் நீங்கள் உங்கள் சாவியைத் திருப்புவீர்கள். கிளையின் பணவறைக்கும் இதே முறைதான். அதன் சாவிகள் இருவர் பொறுப்பில் இருக்கும். அவர்களுள் ஒருவர் வராவிடினும் அன்று அறை திறவாது.

‘வங்கி தன் ஊழியர்களையே நம்புவதில்லை போலும்’ என்று இதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் எங்களுக்கும் அந்த எண்ணம் எழுந்தது. நேர்மையாக உழைப்பவரின் வேலையை இன்னொருவர் ஏன் சரிபார்க்க வேண்டும் என்று உள்ளூர வருந்தியதும் உண்டு. ஆண்டுகள் பல கடந்த பின்னரே இத்தொழிலின் அறம் எங்களுக்கு விளங்கியது. தம் வேலையைப் பிறர் சரிபார்க்க மனமுவந்து இடம் கொடுப்பதே அது. அது எவ்வாறு செயற்படுகிறது என்பதை வாடிக்கையாளராகிய நீங்களும் அறிந்திருப்பது நலம்.

ஒருவர் பதிய, மற்றவர் ஒப்ப

பெருந்தொகை ஒன்றை எடுக்க நீங்கள் காசோலையைக் கொடுக்கிறீர்கள். ஓர் ஊழியர் அதைக் கணினியில் பதிகிறார். பின்னர் ஓர் அதிகாரி, தமக்கே உரிய கடவுச்சொல்லுடன், கையொப்பத்தையும் தொகையையும் ஒப்பிட்டு அனுமதி அளிக்கிறார். நீங்கள் காத்திருக்கும் சில நிமிடங்கள் இதற்காகத்தான். பத்தாயிரம் ஒரு லட்சமாக மாற ஒரேயொரு சுழியம் போதும். எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை எளிதில் புலப்படாது. இரண்டாம் கண்ணுக்குப் புலப்படும்.

ஆயினும் இம்முறையின் வலிமை, இரண்டாமவர் உண்மையிலேயே பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஓய்வூதியம் வாங்க வந்தோர் வரிசை வாசல்வரை நீளும் நாளில், ‘சார், அனுமதி கொடுத்துவிடுங்கள்’ என்று சக ஊழியர் அவசரப்படுத்துவார். பாராமலே பொத்தானை அழுத்திவிடும் சபலம் அப்போது எங்களுக்கும் எழுகிறது. அச்சபலத்திற்கு இணங்கிய கணத்திலேயே, இரண்டு சாவிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

மிஞ்சினாலும் பிழையே

எங்களுள் ஒருவர் இளம் காசாளராக இருந்த நாள்களில் நிகழ்ந்தது இது. மாலையில் கணக்கை முடித்தபோது கையிருப்பில் 2,000 ரூபாய் மிகுதியாக இருந்தது. பணம் குறைந்தால் காசாளர் தம் கையிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். மிகுந்தால் அந்தத் துன்பம் இல்லை. ஆகவே அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். தலைமைக் காசாளர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “தம்பி, குறைந்திருந்தால் இழந்தவர் யார் என்று தெரியும். மிஞ்சியிருக்கிறதே, இழந்தவர் யார்?” என்று கேட்டார்.

அன்றைய பணம் செலுத்தும் சீட்டுகள் அனைத்தையும் இருவரும் மீண்டும் புரட்டினர். இரவு எட்டு மணி அளவில் ஒரு சீட்டு அகப்பட்டது. காய்கறி வணிகர் ஒருவர் 500 ரூபாய்த் தாள்கள் 40 என்று எழுதியிருந்தார். மொத்தத் தொகையை மட்டும் 18,000 என்று தவறாகக் கூட்டியிருந்தார். காசாளரும் அந்தத் தொகையையே வரவு வைத்துவிட்டார். மறுநாள் காலை வணிகரின் கணக்கில் எஞ்சிய 2,000 ரூபாய் சேர்ந்தது. தொலைபேசியில் தெரிவிக்கும்வரை, தாம் எதையோ இழந்ததே அவருக்குத் தெரியாது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் சொல். எந்தத் தாளில் எத்தனை என்று சீட்டில் எழுதுமாறு நாங்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. உரியவர் யாரென்று தெரியாத மிகுதிப் பணம் தனிக் கணக்கில் வைக்கப்படும். அதில் ஒரு ரூபாயும் எவர் பைக்கும் போகலாகாது.

விடுப்பும் ஒரு தணிக்கை

வழக்கமாகக் காணும் அதிகாரி சில நாள்களாகத் தம் இருக்கையில் இல்லை என்று நீங்கள் விசாரித்திருக்கலாம். முக்கியப் பொறுப்புகளில் இருப்போரை ஆண்டுதோறும் முன்னறிவிப்பின்றி, தொடர்ச்சியாக 10 வேலை நாள்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டுமென 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அந்நாள்களில் அவர் தம் அலுவல்களை நேரிலோ கணினி வழியாகவோ தொடரலாகாது. அவருடைய வேலையை இன்னொருவர் செய்வார்.

இதன் தேவையை 2018-இல் வெளிப்பட்ட பெரும் மோசடி ஒன்று நாட்டுக்கே உணர்த்திற்று. ஓர் அதிகாரி பல ஆண்டுகள் ஒரே இருக்கையில் நீடித்தார். வெளிநாட்டு வங்கிகளுக்குச் சென்ற உறுதிமொழிச் செய்திகள் வங்கியின் மையக் கணக்கில் பதிவாகவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களிடம் அதே வசதியை மீண்டும் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. தம் நாற்காலியில் நாளையே இன்னொருவர் அமர்ந்தாலும் கலங்காமல் எழுந்து செல்லக்கூடியவரே நல்ல பணியாளர் என்று நாங்கள் கருதுகிறோம்.

முகத்தாட்சண்யம்

எங்களுக்கு உண்மையில் கடினமானது இதுதான். இருபதாண்டுகளாக வந்து போகும் ஒருவர், எங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கூட விசாரிக்கும் பெரியவர், செலுத்தும் பணத்தில் ஒரு தாள் கள்ளநோட்டாக இருக்கிறது. அவர் அறியாமல் எங்கோ பெற்றது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. “திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கிழித்துப் போட்டுவிடுகிறேன்” என்கிறார்.

திருப்பித் தர விதியில் இடமில்லை. அத்தாளில் கள்ளநோட்டு என்னும் முத்திரையிட்டு, கைப்பற்றி, ஒப்புகைச் சீட்டு வழங்க வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள்கள்வரை இருப்பின் மாத இறுதியில் காவல்துறைக்குத் தொகுத்து அறிக்கை செல்லும். ஐந்தோ அதற்கு மேலோ இருப்பின் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். பெரியவர் முகம் வாடுகிறது. சிலர் அதன்பின் எங்களுடன் பேசாமலே போயிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாள் மீண்டும் தெருவுக்குப் போனால், மாலையில் அதை வாங்கிக்கொள்பவர் ஒரு பூக்காரியாக இருக்கக்கூடும். அவர் முகத்தை நாங்கள் காண்பதில்லை. அவருக்கும் சேர்த்தே நாங்கள் இந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறோம்.

உங்கள் கையிலுள்ள சாவி

இந்த ஒழுங்கைக் காப்பதில் உங்களுக்கும் பங்குண்டு. எவ்வளவு பழகியவராயினும் எங்களிடம் கையொப்பமிட்ட வெற்றுச் சீட்டையோ காசோலையையோ தராதீர்கள். பணம் செலுத்தினால் முத்திரையிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் தொகையை ஒருமுறை படியுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், எவரிடமும் கூறாதீர்கள்.

நாங்கள் தரும் பணத்தை முகப்பிலேயே நின்று எண்ணிப் பாருங்கள். ‘தவறாக நினைத்துக்கொள்வார்களோ’ என்று தயங்க வேண்டாம். நீங்கள் எண்ணி முடிக்கும்வரை நாங்கள் காத்திருப்போம்.