பயிருக்கு ஒரு கெடு, தவணைக்கு ஒரு கெடு: வீட்டுக் கடனை மாற்றிக் கேட்கும் முன்...

நாஞ்சில் நாட்டு வயலில் ஆண்டுக்கு இரண்டு பூ. கன்னிப்பூ அறுத்தால் ஒரு வரவு, கும்பப்பூ அறுத்தால் இன்னொரு வரவு. வாழை குலை தள்ளி வெட்ட ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிவிடும். ரப்பர் நட்டால் பால் வெட்ட ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அடைமழைக் காலத்தில் வெட்டு நின்றுபோகும். வீட்டுக் கடன் இதையெல்லாம் பார்ப்பதில்லை. மாதம் பிறந்தால் தவணை.

அந்தக் காலத்தில் பணமுடை வந்தால் வயலை ஒற்றிக்குக் கொடுப்பார்கள். வட்டிக்குப் பதில் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வார். வங்கிக் கடனில் அப்படி இல்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் தேதி தேதிதான். முடியாதபோது கடன் நிபந்தனையை மாற்றிக் கேட்க வழி உண்டு. ஆனால் எப்போது கேட்கிறோம், மாற்றத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே வீடு நிலைக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் வந்த மூன்று சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஒக்கி: ஒரே வீடு, இரண்டு சட்டம்

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வீசிய ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழையையும் ரப்பரையும் வேரோடு சாய்த்தது. அன்று நடப்பில் இருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பேரிடரில் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால் பயிர்க் கடனை நீண்ட காலக் கடனாக மாற்றலாம். சேதம் 33 முதல் 50 சதவீதம் என்றால் 2 ஆண்டு வரை, அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு வரை கெடு. இதில் முதல் ஓர் ஆண்டு தவணை இல்லை.

இந்த ஏற்பாடு பயிர்க் கடனுக்குத்தான். அதே விவசாயியின் வீட்டுக் கடனுக்கு அது தானாக வராது. தனியாக மனு கொடுக்க வேண்டும். சாதாரண நாளிலும் இந்த வேறுபாடு உண்டு. குறுகிய காலப் பயிருக்கான கடன் இரண்டு பயிர்ப் பருவம் நிலுவையில் நின்ற பிறகுதான் வாராக்கடன் ஆகும். வீட்டுக் கடனோ 90 நாள் கடந்தாலே வாராக்கடன். ஒரே வங்கி, ஒரே குடும்பம், ஆனால் கெடு வேறு. பயிர்க் கடனுக்குக் கிடைத்த அவகாசத்தை நம்பி வீட்டுத் தவணையையும் நிறுத்திவிட்டால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

2020: தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு

கொரோனா காலத்தில் 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. இதைத் தள்ளுபடி என்றே பலர் எண்ணினார்கள். கணக்கு வேறு மாதிரி.

8 சதவீத வட்டியில், 20 ஆண்டுக் கெடுவில் புதிதாக வாங்கிய 10 லட்சம் ரூபாய்க் கடனை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 8,364 ரூபாய். ஆறு மாதம் கட்டாவிட்டால் வட்டி 40,000 ரூபாய் அசலோடு சேரும். பிறகு அதே தவணையைக் கட்டினால் 240 தவணையில் முடிய வேண்டிய கடன் 266 தவணை வரை போகும். ஆறு மாதம் மூச்சு விட்டதற்கு 26 தவணை கூடுதல். கடன் பழையதாக, பாக்கி குறைவாக இருந்தால் இந்தச் சுமையும் குறையும்.

2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தந்த நிவாரணம் வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்பது மட்டுமே. மேலே சொன்ன கணக்கில் அது சுமார் 670 ரூபாய். அந்த 40,000 ரூபாய் வட்டியைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

2022: சொல்லாமல் நீண்ட கடன்

மூன்றாவது சோதனை சத்தமில்லாமல் வந்தது. 2022 மே மாதம் வரை 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. மாறும் வட்டிக் கடன்களின் வட்டியும் கூடவே ஏறியது. பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் கெடுவை நீட்டின. மாதம் அதே தொகை பிடிக்கப்பட்டதால் பலருக்கு இது தெரியவே இல்லை.

7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு வாங்கிய 10 லட்சத்துக்குத் தவணை 7,753 ரூபாய். வட்டி 9.5 சதவீதம் ஆனால் ஒரு மாத வட்டி மட்டுமே 7,917 ரூபாய். அதாவது கட்டும் தவணை வட்டிக்கே போதாது. மாதாமாதம் கட்டியும் கடன் வளரும்.

இதைத் தடுக்க 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது அதன் பாதிப்பைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பு தர வேண்டும். கெடுவை நீட்டுவதால் கடன் பாக்கி வளரக் கூடாது. நிலையான வட்டிக்கு மாறும் வசதியும் அந்த உத்தரவில் இருந்தது. 2025-இல் அது வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

2025-இல் ரெப்போ படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 சதவீதம் ஆனது. ஏறும்போது ஏறிய வட்டி இறங்கும்போதும் இறங்கியதா என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். வங்கியில் பழைய வட்டி முறையில் இருக்கும் வீட்டுக் கடனை ரெப்போவோடு இணைந்த முறைக்கு மாற்றிக் கேட்கலாம்.

கேட்கும் முறை

* முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போக வேண்டும். 90 நாள் தாண்டிய பிறகு மேலாளரின் கையில் வழி குறைவு.
* வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும்.
* பயிர் சேதமானால் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வேளாண்மைத் துறையின் சான்று, கொள்முதல் ரசீது, பாஸ்புக் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.
* எவ்வளவு கட்ட முடியும், எந்த மாதத்திலிருந்து முடியும் என்று குறிப்பிட வேண்டும். அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை கிடைக்குமா என்றும் கேட்கலாம்.
* கையெழுத்திடும் முன் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, மொத்த வட்டியைப் பழைய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

கடைசி விஷயம் முக்கியம். 9 சதவீதத்தில் 10 லட்சத்தை 15 ஆண்டில் அடைத்தால் மாதம் 10,143 ரூபாய். 20 ஆண்டில் அடைத்தால் 8,997 ரூபாய். மாதம் 1,146 ரூபாய் மிச்சம், மொத்தத்தில் சுமார் 3.34 லட்சம் ரூபாய் கூடுதல். வேறு வழியில்லாதபோது கெடுவை நீட்டுவதில் தவறில்லை. நல்ல அறுவடை வந்ததும் ஒரு தொகையை அசலில் கட்டிவிட வேண்டும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது.

அடிக்கடி எழும் கேள்விகள்

வங்கி நோட்டீஸ் வந்துவிட்டது. உடனே வீட்டைப் பூட்டிவிடுவார்களா?
இல்லை. 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி வரும் முதல் நோட்டீசுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அதன்பின் வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோட்டீசை வாங்க மறுப்பதால் எந்த லாபமும் இல்லை, நாள்தான் வீணாகும்.

வயலையும் எடுத்துக்கொள்ள முடியுமா?
விவசாய நிலத்தின் மீதான ஈட்டுக்கு சர்பாசி சட்டம் பொருந்தாது. ஆனால் வழக்குப் போட்டு வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. வீட்டுமனையாக மாற்றிய நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

மாற்றிக் கேட்டால் அடுத்த கடன் கிடைக்குமா?
வட்டி ஏறியதால் கெடுவை நீட்டுவது வேறு. பணக் கஷ்டத்தால் சீரமைத்த கடனும், ஒரே தவணையில் குறைத்துத் தீர்த்த கடனும் சிபில் பதிவில் தெரியும். அடுத்த கடனுக்கு அது தடையாகலாம். ஆனாலும் வீடு ஏலம் போவதைவிட அந்தத் தடையைத் தாங்கிக்கொள்ளலாம்.

கிளையில் பதிலே இல்லை. யாரிடம் போவது?
வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்க்கலாம். பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். பெண்கள் உள்ளிட்ட தகுதியுள்ளோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும்.

கடனை அடைத்துவிட்டோம். பத்திரம் வரவில்லையே?
2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் ஏற்பட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் முடிந்த தேதியுள்ள சான்றைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் அதைக் கேட்பது எளிது.