பழுதிலே பிறந்த ஒலி

வானொலிப் பெட்டி ஒன்று கரகரத்தால் அது பழுதுபட்டுவிட்டது என்று யாரும் எளிதிற் சொல்லிவிடுவர். கரகரப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கருவி பழுதுபட்டால் அதனை எவ்வாறு அறிவது? மின்சாரக் கிற்றார் வாசிப்போர் காலடியில் வைத்து மிதித்து இயக்கும் ‘ஃபஸ்’ பெட்டி இத்தகைய விந்தைக் கருவியாகும். கிற்றாரின் தெளிந்த நாதத்தை வேண்டுமென்றே சிதைத்து, பெருவண்டின் இரைச்சல் போன்று தடித்து நீளும் ஒலியாக்கித் தருவதே அதன் பணி. 1960ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட இப்பெட்டிகள் இன்று அரும்பொருள்களாய்விட்டன. அவற்றைத் திருத்தப் புகுவோர் அவசரப்பட்டால், பழுது நீங்குவதற்குப் பதிலாகப் பெட்டியின் குரலே மறைந்துபோதல் கூடும்.

இவ்வொலியின் பிறப்பே ஒரு பழுதினால் நேர்ந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி றொபின்ஸ் என்னும் பாடகரின் ‘டோன்ற் வொறி’ என்ற பாட்டு ஒலிப்பதிவாகியபோது, ஒலிகளைக் கலக்கும் பலகையின் ஒரு வழி பழுதுற்றது. அவ்வழியே வந்த கிற்றார் ஒலி உறுமலாக மாறியது. அதனை நீக்காமல் வைத்தே 1961இல் இசைத்தட்டு வெளிவந்தது, கேட்டவர்கள் விரும்பினர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அவ்வுறுமலைத் திரான்சிஸ்டர்களின் துணையால் மீண்டும் உண்டாக்க வழி கண்டார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதனை ‘மாயெஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965இல் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் ‘சற்றிஸ்பக்‌ஷன்’ பாட்டில் அது ஒலித்த பின்னர் உலகெங்கும் பரவியது. 1966இல் இலண்டன் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ என்னும் வட்டப் பெட்டியை ஜிமி ஹென்ட்றிக்ஸ் புகழ்பெறச் செய்தார். பழுதுபார்க்கும் முறையை விளக்குவதற்கு இப்பெட்டியே ஏற்ற எடுத்துக்காட்டு.

அதனுள்ளே இருப்பவை மிகச் சில. இரண்டு திரான்சிஸ்டர்கள், நான்கு நிலைத்த தடைகள், மூன்று கொண்டென்சர்கள், ஒலியளவுக்கும் சிதைவின் அளவுக்குமாக இரண்டு திருகுகள்: ஆக, பதினோர் உறுப்புகள். இவற்றோடு ஒரு காலாளியும், இரு செருகுவாய்களும், 9 வோல்ற் பற்றரியும் உண்டு. கிற்றாரிலிருந்து வரும் சிறிய அலையை முதலாவது திரான்சிஸ்டர் பெருக்குகிறது. இரண்டாவது மேலும் பெருக்க முயல்கிறது. ஆயினும் 9 வோல்ற்றுக்கு மேல் அலை உயர முடியாது. ஆகவே அலையின் முடிகளும் பள்ளங்களும் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு தட்டையான அலையையே நம் செவி ஃபஸ் ஒலியாகக் கேட்கிறது.

பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியது வேறொன்று. முதலில் கிற்றாரை நேரே ஒலிபெருக்கியில் இணைத்துப் பார்த்தல் வேண்டும். ஒலி வராவிடில் குற்றம் பெட்டியினது அன்று. கம்பியிலோ ஒலிபெருக்கியிலோ உள்ளது. அடுத்து, பெட்டியை இடையில் இணைத்து, காலாளியை அணைந்த நிலையில் வைத்துக் கேட்டல் வேண்டும். அந்நிலையில் ஒலி உறுப்புகளைத் தொடாமல் நேரே கடந்து செல்கிறது. அப்போதும் மௌனமாயின், செருகுவாய், காலாளி, இணைப்புக் கம்பி ஆகிய மூன்றில் ஒன்றே காரணம். அணைந்த நிலையில் ஒலித்து, இயங்கு நிலையில் மட்டும் ஊமையானால், பற்றரியையும் உள்ளுறுப்புகளையும் ஆராயலாம். இவ்விரு சோதனைகளாலும் தேடவேண்டிய இடம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பற்றரி பற்றி ஒரு செய்தி அறியத்தக்கது. இப்பெட்டிக்குத் தனியான மின்னாளி இல்லை. கிற்றார்க் கம்பியைச் செருகியவுடனே செருகுவாயின் மூன்றாவது தகடு பற்றரியை இணைக்கிறது. ஆதலால் கம்பியைக் கழற்றாது விட்டால், வாசிக்காதபோதும் பற்றரி கரைந்துகொண்டேயிருக்கும். அத்தகடு துருவேறினாலோ, வளைந்து விலகினாலோ, புதிய பற்றரி இட்டும் பெட்டி உயிர் பெறாது. தகட்டைத் துடைத்து மெல்ல வளைத்துவிடுவதே போதிய மருந்து. பழைய பற்றரி கசிந்து, அதனைப் பற்றும் கவ்வியையும் கம்பியையும் அரித்திருப்பதும் உண்டு. அவ்வாறாயின் கவ்வியை மாற்றிவிடலாம். பெட்டியின் குரலுக்கு அதனால் ஊறில்லை.

திருகைத் திருப்பும்போது மட்டும் கறகறப்புக் கேட்டால், உள்ளே தூசு படிந்திருக்கும். மின்தொடர்புகளைத் துடைக்கும் திரவத்தில் இரண்டொரு துளி விட்டு, பலமுறை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் நீங்கும். காலாளியையும் இவ்வாறே துடைக்கலாம்.

சில வேளைகளில் ஃபஸ் பெட்டியினூடாக வானொலி நிலையமொன்றின் நிகழ்ச்சியே கேட்பதுண்டு! இதில் மாயம் எதுவும் இல்லை. நீண்ட கம்பி வான்கம்பியாகிறது. முதலாவது திரான்சிஸ்டர், பழைய படிக வானொலியில் படிகம் செய்த வேலையைச் செய்துவிடுகிறது. கம்பியின் உறை அறுந்திருக்கிறதா, பெட்டியின் உலோக உடலோடு தரையிணைப்பு உறுதியாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கிற்றாருக்கும் ஃபஸ் பெட்டிக்கும் இடையே வேறு பெட்டி இருந்தால், ஒலி மெலிதலும் கீச்சிடுதலும் நேரும். ஃபஸ் பெட்டியைக் கிற்றாருக்கு அடுத்ததாக வைத்தவுடன் அவை நீங்கினால், திறந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

இவையெல்லாம் முடிந்த பின்னரே பெட்டியைத் திறத்தல் நன்று. திறந்ததும் கண்ணால் நோக்குதலே முதல் வேலை. அறுந்த கம்பியும், பளபளப்பின்றி வெடித்த பற்றாசும் தாமே தெரியும். அடுத்து ஐயுறத்தக்கவை இரு மின்பகு கொண்டென்சர்கள். அவற்றினுள் இருக்கும் ஈரம் ஆண்டுகள் செல்ல உலர்ந்துபோகும். சிதைவுத் திருகோடு இணைந்த 20 மைக்ரோபரட் கொண்டென்சர் உலர்ந்தால் உறுமல் மெலியும். நுழைவாயிலில் உள்ள 2.2 மைக்ரோபரட் கொண்டென்சர் கசிந்தால் முதலாவது திரான்சிஸ்டரின் நிலை கெடும். அதே அளவுள்ள புதியவற்றை இட்டால் போதும்.

இறுதியாக மின்னழுத்தத்தை அளத்தல் வேண்டும். ஜேர்மானியம் திரான்சிஸ்டர்கள் கொண்ட முற்காலப் பெட்டிகளில், பற்றரியின் நேர்முனையே உலோக உடலோடு இணைந்துள்ளது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் எதிர்முனை இணைந்திருக்கும். ஆகையால் பழைய பெட்டியை மற்றவற்றோடு ஒரே மின்வழங்கியிற் பூட்டினால் குறுக்கிணைப்பு உண்டாகும். பற்றரியே அதற்குப் பாதுகாப்பு. மானியின் கறுப்புக் கம்பியை உடலிலும், சிவப்புக் கம்பியை இரண்டாவது திரான்சிஸ்டரின் சேகரிப்பு முனையிலும் வைத்தால், எதிர்க்குறியோடு ஏறக்குறைய 4.5 வோல்ற் காட்டவேண்டும். அது பற்றரியின் பாதி. அலை மேலும் கீழும் ஒத்து அசைவதற்கு இந்நடுநிலை வேண்டும். நடுநிலை வழுவினால் சுரத்தின் வால் துண்டு துண்டாகச் சிதறி அறும்.

ஆனால் இவ்வளவை ஒருமுறை பார்த்துத் தீர்ப்பளித்தல் ஆகாது. ஜேர்மானியம் வெப்பத்திற்கு மிக இளகும் இயல்புடையது. ஏறத்தாழ 10 பாகை சென்ரிகிறேட் ஏறும்போதெல்லாம் அதனுள் கசியும் மின்னோட்டம் இரட்டிக்கும். மாலையில் இனிமையாக ஒலித்த பெட்டி நண்பகல் வெயிலில் திணறுவது இதனாலேயே. விரலாற் பிடித்த சூடே அளவை மாற்றிவிடும். பெட்டியை நிழலில் ஆறவைத்து மீண்டும் அளத்தல் முறை. அப்போதும் நடுநிலை பிறழ்ந்திருந்தால், 8,200 ஓம் தடையை மட்டும் சிறிது கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

திரான்சிஸ்டரை மாற்றுதல் கடைசி வழி. அக்காலத்து என்.கே.ரி. 275 போன்றவை ஒன்றைப்போல் ஒன்று அமைவதில்லை. பெட்டிக்குப் பெட்டி குரல் வேறுபடுவதற்கு இதுவே காரணம். மாற்றியே ஆகவேண்டுமாயின், பெருக்கும் ஆற்றலையும் கசிவையும் பிரித்து அளத்தல் வேண்டும். சாதாரண மானி கசிவையும் ஆற்றலோடு கூட்டிக் காட்டுவதால், மிகக் கசியும் திரான்சிஸ்டரே மிகச் சிறந்ததுபோல் தோன்றும். பற்றாசுக்கோலை வைக்கும்போது திரான்சிஸ்டரின் காலைக் குறட்டினாற் பற்றிக்கொண்டால், சூடு குறட்டில் இறங்கும், உள்ளே ஏறாது. கழற்றிய உறுப்பை எறியாது, ஓர் உறையிலிட்டுப் பெட்டியோடு வைத்தல் பின்னர் வருவோர்க்கு உதவும்.

வேலை முடிந்ததென்று மானி சொல்வது மட்டும் போதாது. சிதைவுத் திருகை முழுவதும் திருப்பி ஒரு தந்தியை மீட்டினால், ஒலி தடித்து நீண்டு, சிதறாமல் மெல்லத் தேய்ந்து மறைதல் வேண்டும். பின்னர் கிற்றாரிலுள்ள ஒலியளவுத் திருகைச் சற்றே குறைத்தால், உறுமல் அடங்கி நாதம் தெளிதல் வேண்டும். இவ்விரண்டும் நிகழுமாயின், எஞ்சியிருக்கும் கரகரப்பு பழுதன்று. அதற்காகவே அப்பெட்டி செய்யப்பட்டது. அதற்குமேல் எதையும் தொடாமல் மூடிவிடுவதே நல்ல பழுதுபார்ப்பாளரின் செயல்.